தியேட்டரா, வீடா? முதலில் காதுக்கு வழி செய்யுங்கள்

மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் டிவியும் ஆம்ப்ளிஃபயரும் திருத்துகிற கடை என்னுடையது. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதில் அரைவாசி பழுது பற்றியதே இல்லை. “தம்பி, 55 இஞ்ச் வாங்கினா தியேட்டர் மாதிரி இருக்குமா?” என்பார்கள். “அண்ணன், புதுப் படத்துக்கு டவுனுக்குப் போவமா, இல்லாட்டி பொறுத்து வீட்டிலயே பார்ப்பமா?” என்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளங்கப்படுத்த நேரம் கிடைப்பதில்லை. அதனால் நான் சொல்கிற எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்தப் படத்துக்கு எந்த இடம் என்பதைப் பார்ப்போம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வெளியாகி நாலு கிழமை போன பிறகு ஓடிடிக்கு வருகின்றன. பெரிய நடிகரின் படம் என்றால் எல்லோரும் தியேட்டர் என்கிறார்கள். விசிலும் கைதட்டலும் அந்தப் படத்தில் ஒரு பங்கு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை வீட்டில் பார்த்தாலும் அடிப்படையில் பெரிதாக ஒன்றும் குறையாது. வசனம் உரத்து வரும், பாட்டு உரத்து வரும், ஒரு நிமிடம் எழும்பிப் போய் வந்தாலும் கதை பிடிபடும். தியேட்டர் கட்டாயம் வேண்டியது அமைதியான படத்துக்குத்தான். இரண்டு பேர் கதைக்காமல் இருக்கிற காட்சி, தூரத்தில் கேட்கிற மழை, கதவு மெல்லச் சாத்தப்படும் சத்தம் எல்லாம் வீட்டு ஹோலில் ஃபேன் சத்தத்துக்குள் போய்விடும். அமைதி வந்தவுடன் நம் கையும் போனுக்குப் போய்விடும். அதனால் கையில் ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் காசு இருந்தால், சின்னப் படத்துக்குச் செலவழியுங்கள். அப்படிப்பட்ட படங்கள் நம் பக்கத் தியேட்டர்களில் ஒரு கிழமை ஓடுவதே பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடுங்கள், அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போட்டால் தூக்கிவிடுவார்கள்.

நகைச்சுவைப் படம், குடும்பச் சண்டைப் படம், ஏற்கனவே பார்த்த படம், பழைய கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் வீட்டுக்கு நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் ஒளித்துக் கமராவில் பிடித்த கொப்பியைப் பென்டிரைவில் வாங்கிப் பார்க்காதீர்கள். அது களவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கொப்பியில் படத்தின் சத்தம் இல்லை, தியேட்டருக்குள் எதிரொலித்து, யாரோ இருமி, யாரோ சிரித்து, அதற்குப் பிறகு ஒரு போன் மைக்குக்குள் போன மிச்சம்தான் இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒலி சேர்க்கிறவர்கள் மாதக் கணக்கில் இருந்து செய்கிற வேலை அது. நாலு கிழமை பொறுத்தால் அந்த வேலை முழுசாக உங்கள் வீட்டுக்கே வரும். பொறுங்கள்.

தியேட்டருக்குப் போகிறீர்கள் என்றால்

இருக்கை முக்கியம். திரையிலிருந்து பின்சுவர் வரைக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில் உட்காருங்கள். தியேட்டரின் ஒலியைச் சரிபார்க்கும்போது அந்த இடத்தைச் சுற்றித்தான் மைக் வைத்துப் பார்ப்பார்கள். பலகணியில் கடைசி வரிசை வசதியாகத் தெரியும், ஆனால் பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருப்பதால் அந்தச் சத்தம் வசனத்தை விழுங்கும். சுவர் ஓரமும் அப்படித்தான். ஆஸ்துமாக்காரர்களும், அடிக்கடி எழும்பிப் போக வேண்டிய வயதானவர்களும் வரிசை ஓரம் எடுக்கட்டும், அவர்களுக்கு அதுதான் நிம்மதி.

முதல் நாள் காட்சியில் கூட்டத்தின் சந்தோசம் கிடைக்கும், வசனம் கிடைக்காது. வசனமும் வேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாலைக் காட்சிக்குப் போங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். தியேட்டர் சத்தத்துக்கு அந்தக் காது இன்னும் பழகவில்லை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை என்றாலும் சண்டைக் காட்சியில் வெளியே கூட்டிக்கொண்டு வரக்கூடிய இடத்தில் உட்காருங்கள். ஏசி உள்ள இடத்துக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள்.

படம் மங்கலாக இருந்தாலோ, திரையை விட்டு வெளியே விழுந்தாலோ, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலோ முதல் பத்து நிமிடத்துக்குள் எழும்பிப் போய்ச் சொல்லுங்கள். நம் ஆட்கள் முழுப் படத்தையும் சகித்துவிட்டு, வெளியே வந்து கடையில் நின்று குறை சொல்வார்கள். ஒபரேட்டர் அறைக்குள் மோட்டார் சத்தத்தில் இருக்கிறவருக்கு ஹோலில் என்ன கேட்கிறது என்று தெரிய வழியில்லை. நடு ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் வசனம் அப்படியே காணாமல் போகும், பாட்டு மட்டும் நன்றாக இருக்கும். “நடுப் பொக்ஸ் வேலை செய்யேல்ல போல இருக்கு, ஒருக்கா பாருங்க” என்று மரியாதையாகச் சொன்னால் போதும். பெரும்பாலும் ஒரு இணைப்பு கழன்றிருக்கும், அல்லது ஒரு ஆம்ப்ளிஃபயர் ஓஃபாகி இருக்கும்.

திரும்பி வரும் வழியை முதலே யோசியுங்கள். இரவுக் காட்சி விடும்போது நம் பக்கத்துக்கு பஸ் இருக்காது. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போகிறவர்கள் பகல் காட்சிக்கே வாருங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போவது சுலபம்தான். ஆனாலும் உள்ளே போகப் போக இரவில் யானை நிற்கிற பாதைகள் இருக்கின்றன. படத்துக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

வீட்டில்: சத்தம்

இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புகிற பகுதி. என் கடைக்கு வரும் முறைப்பாடுகளில் முதலாவது, “டிவி புதுசு, படம் பளிச்செண்டு இருக்கு, ஆனா அவங்க கதைக்கிறது கேக்குதில்ல, பாட்டு வந்தா வீடு அதிருது.” டிவியில் பழுது ஒன்றும் இருக்காது.

தியேட்டரில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. திரையில் நுணுக்கமான துளைகள் இருக்கும், அதற்குள்ளால் சத்தம் வரும். நடு ஸ்பீக்கருக்குப் பெரும்பாலும் வசனம்தான் வேலை. இசையும் சத்தங்களும் இடம், வலம், பக்கச் சுவர், பின்சுவர் என்று பிரிந்து போகும். ‘5.1’ என்று சொல்கிற இந்த ஆறு வழிச் சத்தத்தை வீட்டு டிவி இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் சேர்த்துக் கொடுக்கிறது. வசனத்துக்குத் தனி இடம் இல்லாமல் போகிறது. அதற்கு மேல், மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருப்பதில்லை, கீழே பார்த்தபடி அல்லது சுவரைப் பார்த்தபடி இருக்கும். சத்தம் தரையில் பட்டு, சுவரில் பட்டு, பிந்தி வருகிறது.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. டிவியின் சவுண்ட் மெனுவுக்குப் போய் ‘சரவுண்ட்’ என்று இருப்பதை நிறுத்துங்கள். ‘கிளியர் வொய்ஸ்’, ‘டயலொக்’, ‘ஸ்பீச்’ என்று ஏதாவது ஒரு பெயரில் வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போடுங்கள். ஓடிடி செயலியில் ஒலி தெரிவு இரண்டு இருந்தால், வெளி ஸ்பீக்கர் இல்லாத வீட்டுக்கு 5.1 வேண்டாம், ஸ்டீரியோவைத் தெரிவு செய்யுங்கள். ‘நைட் மோட்’ இருந்தால் பெரிய சத்தத்தைக் குறைத்து, சின்னச் சத்தத்தை உயர்த்தும். பிள்ளைகள் படுத்த பிறகு பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது ஹோல். நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ‘டப்’ என்று நின்றால் நல்லது. ‘டர்ர்’ என்று இழுத்தால் அந்த இழுவைதான் வசனத்தைக் கெடுக்கிறது. நம் வீடுகளில் சீமெந்து அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ், பிளாஸ்டிக் கதிரை. சத்தத்தை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. தரையில் பன்பாய் விரியுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். டிவிக்கு எதிர்ச் சுவரில் மெத்தையையோ தடித்த போர்வையையோ சாத்தி வைத்துப் பாருங்கள். அதே டிவி வேறு டிவி போல ஆகும். ஓட்டுக் கூரை வீட்டில் இந்த இழுவை குறைவு, கொங்கிரீட் தட்டு வீட்டில் கூடும். தகரக் கூரைக்காரர்கள் மாரி காலத்தில் மழை பெய்யும் நேரம் படம் வைக்காமல் இருப்பதே மேல். அல்லது சப்டைட்டில் எழுத்தைப் போட்டுப் பாருங்கள்.

காசு செலவழிப்பதாக இருந்தால் சொல்கிறேன். 43 இஞ்சைக் கொடுத்து 55 இஞ்ச் வாங்க நினைத்த காசில், 43ஐ வைத்துக்கொண்டு நடு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒன்றை வாங்குங்கள். பெட்டியில் 3.1 அல்லது 5.1 என்று போட்டிருக்க வேண்டும். 2.0, 2.1 என்றால் நடு ஸ்பீக்கர் இல்லை. பழைய ஸ்டீரியோ செட் கிடக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. அதைத் தூக்கி எறியாதீர்கள். டிவியின் ஒப்டிகல் துளையிலிருந்து வரும் டிஜிட்டல் சத்தத்தைப் பழைய செட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற ஒரு சின்னக் கன்வேர்டர் போட்டு அதில் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் டிவியின் டிஜிட்டல் சவுண்ட் அவுட்டை ‘பிசிஎம்’ என்று மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் சத்தமே வராது. பலர் இதற்காகவே கன்வேர்டரைப் பழுது என்று கொண்டுவருகிறார்கள். ஸ்பீக்கரைக் காது உயரத்தில் வையுங்கள், ஷோகேசுக்குள் அடைக்காதீர்கள், மூலையில் ஒட்டாதீர்கள். மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும், நம் ஆட்களுக்கு அது முதலில் பிடிக்கும், அரை மணித்தியாலத்தில் தலை வலிக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் படத்துக்குச் சரிவராது. சத்தம் 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்தக்கூடும், உதடு ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம் போகும். வயர் போடுங்கள்.

என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவவுக்காக முழு வீட்டுக்கும் சத்தத்தைக் கூட்டாமல், ஒரு சின்ன ஸ்பீக்கரை வயரில் இழுத்து அவவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டால் பக்கத்தில் இருக்கிற பேத்தியோடு கதைக்க முடியாது என்பா. இந்த ஒழுங்கில் அவவும் படம் பார்க்கிறா, நாங்களும் பார்க்கிறோம்.

வீட்டில்: படம்

டிவி கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ‘விவிட்’ என்ற முறையில் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ‘மூவி’, ‘சினிமா’, ‘ஃபில்ம்மேக்கர்’ இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். இரண்டு மூன்று நாளில் கண் பழகியதும் மற்றது நீலமாகத் தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு, அசைவை வழுக்க வைக்கும் வசதியை நிறுத்துங்கள். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று இருக்கும். சினிமா செக்கனுக்கு 24 படமாக ஓடுவது. டிவி இடையில் தானாகப் படங்களை உண்டாக்கிச் செருகினால் பெரிய படமும் சின்னத்திரைத் தொடர் போல ஆகிவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டி வருகிறதே என்று ரிமோட்டில் ‘சூம்’ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அகலத் திரைப் படம் உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம், நம் டிவி 1.78 மடங்கு. சூம் போட்டால் இரண்டு ஓரத்திலும் நிற்கிற ஆட்கள் வெட்டுப்படுவார்கள். பழைய படத்தில் இது மறுபக்கம் நடக்கும். அந்தப் படங்கள் கிட்டத்தட்டச் சதுரம், இரண்டு பக்கமும் கறுப்பு வரும். அதை இழுத்து நிரப்பினால் கதாநாயகியின் முகம் பூசணிக்காயாகிவிடும். இழுக்காதீர்கள். அம்மா மாதிரி அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் எப்படி இருந்தன என்பது நினைவிருக்கும்.

எவ்வளவு தூரத்தில் இருப்பது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. டிவியின் இஞ்ச் அளவை 1.6ஆல் பெருக்குங்கள். வருகிற விடை இஞ்சில் உங்கள் தூரம். 43 இஞ்சுக்கு ஆறு அடிக்குக் கொஞ்சம் குறைவு, 55 இஞ்சுக்கு ஏழேகால் அடி. திரை கண்ணுக்கு முன்னால் 30 பாகை அகலமாகத் தெரிகிற தூரம் அது. நம் வீடுகளில் டிவி ஒரு சுவரில், கதிரை எதிர்ச் சுவரில், நடுவில் பன்னிரண்டு அடி. பெரிய டிவி வாங்க முதல் கதிரையை முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். டிவியைக் கூரைக்குக் கிட்ட மாட்டவும் வேண்டாம், உட்கார்ந்தால் கண் திரையின் நடுவுக்குக் கிட்ட வர வேண்டும்.

இருட்டும் வேண்டும். டிஜிட்டல் சினிமாவில் திரை வெளிச்சத்துக்கான தரம் சதுர மீற்றருக்கு 48 கண்டேலா. உங்கள் டிவி அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். தியேட்டர் படம் செழிப்பாகத் தெரிவது இருட்டால். நமக்கு ஆறு, ஆறரைக்குள் பொழுது படுகிறது. ஏழு மணிக்கு லைட்டை அணைத்து, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்ப் மட்டும் எரியவிட்டால் கண்ணும் வலிக்காது. நுளம்புத் திரியைக் கதிரைக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் புகை திரையை மறைக்கும்.

இன்டர்நெட் விஷயம் சுருக்கமாக. எச்டியில் பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் போதும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி எச்டி ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை எடுக்கும். 43 இஞ்சுக்கு 4கே தேவையில்லை. உங்கள் பக்கேஜில் இரவுக்குத் தனி டேட்டா இருந்தால் முதல் நாள் இரவே போனிலோ டெப்லெட்டிலோ இறக்கி வையுங்கள்.

மின்னல்

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். அதற்கு அடுத்த நாள் என் கடையில் எரிந்த சர்க்கிட் போர்ட்கள் நிறைந்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ் வயரையும் அன்டனா வயரையும் கழற்றுங்கள், ரவுட்டருக்கு வருகிற டெலிபோன் வயரையும் கழற்றுங்கள். பலர் பிளக்கைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவிடுகிறார்கள், மின்னல் அதற்குள்ளால் வருகிறது. எர்த் இல்லாத பிளக்கில் மின்னலுக்கென்று விற்கிற எந்தப் பாதுகாப்புப் பிளக் பலகையும் சரியாக வேலை செய்யாது, முதலில் வயரிங்காரரைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் வயர்களில் கை வைக்காதீர்கள். மழை கறுக்கும்போதே செய்யுங்கள். கடற்கரைப் பக்க வீட்டுக்காரர்கள் டிவியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம், உப்புக் காத்து போர்டைத் தின்னும்.

படம் ஓடும்போது

எங்கள் வீட்டில் படம் தொடங்க முதல் எல்லோருடைய போனும் குசினிக்குப் போகும். மகள் முதலில் அழுதாள், இப்போது அவள்தான் சேர்த்துக்கொண்டு போகிறாள். இடைவேளை வைப்போம், படத்தில் ‘இடைவேளை’ என்று எழுத்து வருகிற இடத்திலேயே. அந்த நேரம் பிளேன்டீயும் கச்சானும். இடைவேளை தவிர நிறுத்துவதில்லை. தியேட்டரில் படத்தை நிறுத்த யாருக்கும் முடியாது. வீட்டில் ரிமோட் கையில் இருப்பதால் ஒவ்வொருவரும் ஒருமுறை நிறுத்தினால் இரண்டரை மணித்தியாலப் படம் நாலு மணித்தியாலமாகும், யாருக்கும் கதை மனதில் தங்காது. ரிமோட்டை ஷோகேசுக்கு மேலே வையுங்கள். பக்கத்துக் கோயிலில் வைகாசிச் சடங்கு நடக்கிற நாட்களில் படத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த ஸ்பீக்கரோடு எந்தச் சவுண்ட்பாரும் போட்டி போடாது, போடவும் கூடாது.

வளவில் ஒரு இரவு

சொந்தக்காரர் கூடுகிற நாட்களில் புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து வளவில் போடலாம். வீட்டில் டிவியும் தியேட்டரில் திரையும் தராத ஒன்று அது, பெரியப்பா, மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். அதன் வெளிச்சம் 3000 லூமென் அளவு இருந்தால் எட்டு அடி அகலத்துக்குப் போதும். வெள்ளைச் சாரமோ பெட்சீட்டோ காற்றில் ஆடும், பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சுவர் அதைவிட நல்லது. வெளியில் சுவர் இல்லாததால் சத்தம் திரும்பி வராது, அதனால் டிவி ஸ்பீக்கர் அளவுச் சத்தம் போதாது, ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழேயே வையுங்கள், சனத்துக்குப் பின்னால் வைத்தால் வசனம் முதுகிலிருந்து வரும். ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முதல் முடித்துவிடலாம், அயலவரும் படுக்க வேண்டும். படம் முடிந்தவுடன் வயரைப் பிடுங்காதீர்கள். லேம்ப் உள்ள புரொஜெக்டர் என்றால் ரிமோட்டில் அணைத்துவிட்டு, உள்ளே ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள். சூடு ஆறாமல் பிடுங்கினால் லேம்ப் போய்விடும், வாடகைக்காரர் உங்களிடம்தான் காசு கேட்பார்.